திட்டம் போடுற ரூமுக்குள்ள உக்காந்திருக்கறவங்களும் மனுஷங்கதான்

நியூயார்க் நகரத்துல கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் சின்னச் சின்ன தப்புக்கெல்லாம், அதாவது பார்க் மூடின அப்புறமும் உள்ள உக்காந்திருந்தது, பொது இடத்துல திறந்த பாட்டிலோட நின்னது மாதிரி விஷயங்களுக்கு, போலீஸ் ஒரு சம்மன் சீட்டு எழுதி கையில குடுத்துடுவாங்க, இந்தத் தேதிக்கு கோர்ட்டுக்கு வந்துடுன்னு. வரலைன்னா தானாவே கைது வாரண்ட் விழும். அப்படி இருந்தும் ஒரு காலத்துல பத்துல நாலு பேர் கிட்ட வராமலே இருந்தாங்க. இதைக் கேட்டதும் நமக்கு என்ன தோணும், திமிரு, அலட்சியம், அபராதத்தை ஏத்துனாத்தான் புத்தி வரும்னு தோணும். ஆனா மனுஷங்க நடத்தையை ஆராயற ஐடியாஸ்42ங்கற அமைப்பும், குற்றங்களைக் குறைக்கறதைப் பத்தி ஆராயற சிகாகோ யுனிவர்சிட்டியோட க்ரைம் லேபும் சேர்ந்து முதல்ல அந்தச் சீட்டையே எடுத்துப் பாத்தாங்க. மேல பெரிய எழுத்துல "புகார்/தகவல்"னு ஒரு தலைப்பு, எந்தத் தேதி எந்த கோர்ட்டுங்கறது அடியில எங்கயோ கிடக்கு, வராட்டி வாரண்ட் வரும்ங்கற சமாச்சாரம் கண்ணுல படாத மூலையில. எழுதிக் குடுக்கற அதிகாரிக்கு வசதியா போட்ட ஃபார்ம் அது, வாங்கிட்டுப் போறவர் படிக்கறதுக்குன்னு போட்டது இல்ல. புதுச் சீட்டுல தேதியையும் இடத்தையும் மேல கொண்டு வந்தாங்க, தலைப்பையே "கோர்ட்டுக்கு வரச் சொல்ற சீட்டு"ங்கற அர்த்தத்துல மாத்தினாங்க, வாரண்ட் எச்சரிக்கையை தடிமன் எழுத்துல போட்டாங்க. வராதவங்க அளவு 13% குறைஞ்சுது. தேதி நெருங்கும்போது எஸ்எம்எஸ் அனுப்பிப் பாத்ததுல 21% குறைஞ்சுது. 2020ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வு இது.

அதே ஆய்வுல இன்னொரு பகுதி இருக்கு, அதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல. கோர்ட்டுக்கு வராதவங்க ஏன் வரலைன்னு பொதுவான ஆட்கள் கிட்டயும், இந்தத் துறையில பழக்கம் உள்ளவங்க கிட்டயும் கேட்டிருக்காங்க. பொதுவானவங்க "வேணும்னேதான் வரல"ன்னு நினைக்கறது அதிகம், அப்படி நினைக்கறவங்க எஸ்எம்எஸ் நினைவூட்டல் மாதிரி வழியை விட தண்டனையைத்தான் விரும்பறாங்க. இங்கதான் எனக்கு முழு விஷயமே இருக்கறதா படுது. ஃபோர்சைட் (வர வாய்ப்பிருக்கற வருங்காலங்களை முன்கூட்டியே யோசிச்சுப் பாக்கறது), பிஹேவியரல் சயின்ஸ் (மனுஷங்க நிஜத்துல எப்படி முடிவெடுக்கறாங்கன்னு ஆராயறது), டிசைன் (பயன்படுத்தறவங்களுக்கு ஏத்த மாதிரி வடிவமைக்கறது)னு மூணு விஷயத்தை இப்ப உலகம் முழுக்க அரசாங்கங்கள் பாலிசி வேலைக்குள்ள கொண்டு வர்றாங்க, ஐரோப்பிய கமிஷனோட ஆராய்ச்சி மையத்துல இயூ பாலிசி லேப்னு ஒண்ணு இந்த மூணையும் ஒரே கூரைக்குக் கீழ வச்சே நடத்துது. இதைப் பத்தி பேசற எல்லாரும் மக்களை எப்படி மாத்தறதுன்னே பேசறாங்க. திட்டம் போடுறவங்க மண்டைக்குள்ள இருக்கற தப்பான யூகத்தை எப்படி மாத்தறதுங்கறதுதான் இதுல பெரிய வேலை, அந்தப் பக்கம் கவனம் ரொம்பக் கம்மி.

எந்த அரசுத் திட்டத்தை எடுத்தாலும் அதுக்குள்ள எழுதாம விட்ட சில நம்பிக்கை இருக்கும். நாளைக்கும் உலகம் இன்னைக்கு மாதிரியேதான் இருக்கும், மக்கள் விஷயம் தெரிஞ்சா சரியா முடிவு பண்ணுவாங்க, ஃபைல்ல எழுதினது அப்படியே கவுண்டர்ல நடக்கும். யாரும் இதை வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க, சொன்னா சொன்னவருக்கே சிரிப்பு வந்துடும், ஆனா கணக்கு போடும்போது எல்லாரும் இதை வச்சுத்தான் போடுவாங்க. முதல் நம்பிக்கையை சோதிக்கறது ஃபோர்சைட், ரெண்டாவதை சோதிக்கறது பிஹேவியரல் சயின்ஸ், மூணாவதை டிசைன். நடைமுறையில இவ்வளவு சுத்தமா பிரியாது, அந்த சம்மன் சீட்டையே எடுத்துக்கிட்டா அது டிசைனா பிஹேவியரான்னு சண்டை போடலாம், ரெண்டும்தான்.

"தெரிஞ்சா பண்ணுவாங்க"ங்கறதுதான் இருக்கறதுலயே பிடிவாதமான நம்பிக்கை, அதுக்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவுல காலேஜ் உதவித்தொகைக்கு போடுற விண்ணப்பம். வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு பணம் இருக்கு, திட்டம் இருக்கு, ஆனா ஃபார்ம் நீளமா சிக்கலா இருக்கறதால நிறைய பேர் போடறதே இல்ல. ஆய்வாளர்கள் என்ன பண்ணாங்கன்னா, வரி கணக்கு தாக்கல் பண்ணிக் குடுக்கற ஹெச் அண்ட் ஆர் பிளாக் கம்பெனிக்கு வர்ற குடும்பங்கள்ல சில பேருக்கு அங்கயே உக்கார வச்சு ஃபார்மை நிரப்பிக் குடுத்தாங்க, வரிக்காக சொன்ன விவரம் ஏற்கனவே கம்ப்யூட்டர்ல இருக்கறதால பாதிக்கு மேல தானா நிரம்பிடும், மிச்சத்துக்கு சில நிமிஷம்தான் ஆச்சு. இன்னும் சில பேருக்கு உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்னு கணக்கு போட்டு தகவல் மட்டும் குடுத்தாங்க. நிரப்பிக் குடுத்த வீட்டுப் பிள்ளைங்க காலேஜ் சேர்ந்தது 8 சதவீதப் புள்ளி கூடுச்சு, தகவல் மட்டும் வாங்கின குழுவுல ஒரு மாற்றமும் இல்ல. 2012ல வெளியான முடிவு. விழிப்புணர்வு, விளம்பரம், கையேடுன்னு எவ்வளவு பணம் போகுதுன்னு யோசிச்சுப் பாத்தா இந்த ஒரு ஆய்வே போதும், ஆனாலும் அடுத்த திட்டத்துக்கும் முதல்ல கையேடுதான் அச்சடிப்பாங்க.

பிஹேவியரல் சயின்ஸோட கதை எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்சதுதான். டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கிங்கற ரெண்டு உளவியலாளர்கள் எழுபதுகள்ல மனுஷன் எப்படி முடிவெடுக்கறான்னு பண்ணின வேலைல ஆரம்பிச்சு, கானமனுக்கு 2002லயும் பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலருக்கு 2017லயும் நோபல், நடுவுல 2010ல பிரிட்டன் பிரதமர் அலுவலகத்துக்குப் பக்கத்துலயே பிஹேவியரல் இன்சைட்ஸ் டீம்னு ஒண்ணு, எல்லாரும் நட்ஜ் யூனிட்னு கூப்பிட்டது (நட்ஜ்னா கட்டாயப்படுத்தாம லேசா ஒரு பக்கம் தள்ளி விடறது), அதைப் பாத்து நாடு நாடா இதே மாதிரி டீம் முளைச்சுது. வரி பாக்கி கடிதத்துல "பத்துல ஒன்பது பேர் சரியான நேரத்துல கட்டிடறாங்க"ன்னு ஒரு வரி சேத்தா பணம் சீக்கிரம் வருதுங்கற மாதிரி கண்டுபிடிப்புகள் செம ஹிட் ஆச்சு, ஏன்னா சட்டம் மாத்த வேண்டாம், பட்ஜெட் வேண்டாம், கடிதத்தை மாத்தினா போதும்.

ஹிட் ஆனதுக்கு அப்புறம்தான் கணக்கு பாத்தாங்க. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, எலிசபெத் லினோஸ்ங்கற ரெண்டு ஆய்வாளர்களும் அமெரிக்காவுல ரெண்டு பெரிய நட்ஜ் யூனிட் பண்ணின 126 சோதனைகளை, மொத்தம் 2 கோடியே 30 லட்சம் பேரை உள்ளடக்கினது, ஒண்ணு விடாம எடுத்துப் பாத்தாங்க. ஆய்விதழ்கள்ல அச்சான நட்ஜ்களோட சராசரி பலன் 8.7 சதவீதப் புள்ளி, இந்த யூனிட்கள் நிஜத்துல பண்ணதுல 1.4. பெரிய காரணம், பலன் வந்த ஆய்வு அச்சாகும், வராதது யாரோ ஒருத்தர் டிராயர்ல தூங்கும். 1.4 மோசம்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு கடிதத்தை மாத்தினதுக்கு லட்சக்கணக்கான பேர்ல நூத்துக்கு ஒண்ணரை பேர் மாறினா அது லாபம்தான், ஆனா இதை வச்சு வறுமையை ஒழிச்சுடலாம்னு பேசினவங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். இதுல கொடுமை என்னன்னா, ஃபார்மோட கடைசியில போடுற "நான் சொல்றது உண்மை" கையெழுத்தை மேலயே வாங்கினா மக்கள் நேர்மையா எழுதுவாங்கன்னு 2012ல ஒரு பிரபலமான ஆய்வு வந்துச்சு, அமெரிக்க அரசே அதை எடுத்து முயற்சி பண்ணுச்சு, 2021ல அந்த ஆய்வை வாபஸ் வாங்கினாங்க, காரணம் அதுல ஒரு சோதனையோட டேட்டாவே ஜோடிச்சது. நேர்மையைப் பத்தின ஆய்வு அது!

டீஃபால்ட் விஷயம் மட்டும் தனி, அதோட பலம் உண்மையானது. ஒருத்தர் எதுவும் பண்ணாம சும்மா இருந்தா என்ன நடக்கும்ங்கறதை மாத்தறதுதான் டீஃபால்ட். பிரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷே ரெண்டு பேரும் 2001ல ஒரு அமெரிக்க கம்பெனியைப் பத்தி எழுதினது இன்னைக்கும் படிக்க வேண்டிய ஒண்ணு. ஓய்வூதிய சேமிப்புல சேரணும்னா ஃபார்ம் போடணும்னு இருந்தப்ப புதுசா வந்த ஊழியர்கள்ல 49% சேர்ந்தாங்க, தானா சேத்துடுவோம் வேண்டாம்னா எழுதிக் குடுன்னு மாத்தினதும் 86%. இது வரைக்கும்தான் எல்லாரும் சொல்வாங்க. மிச்சக் கதை, கம்பெனி தானா பிடிச்சது சம்பளத்துல 3%, போட்டது ரொம்ப பாதுகாப்பான குறைஞ்ச வருமானம் தர்ற ஃபண்டு, மக்கள் அந்த 3%லயே அந்த ஃபண்டுலயே ஒட்டிக்கிட்டாங்க. தானா சேராம அவங்களே யோசிச்சு சேர்ந்திருந்தா இன்னும் அதிகம் போட்டிருப்பாங்கங்கற ஆட்களும் அதுல இருந்தாங்க. சேர வச்ச அதே சோம்பல்தான் அங்கயே கட்டியும் போட்டுச்சு. 3%ங்கற அந்த நம்பரை யாரோ ஒருத்தர் ஒரு மீட்டிங்ல எடுத்துவிட்டிருப்பார், முப்பது வருஷம் கழிச்சு இந்த ஆளு ரிட்டயர் ஆகும்போது இது போதுமான்னு அந்த மீட்டிங்ல யாராவது கேட்டிருந்தா கதை வேற. அந்தக் கேள்விதான் ஃபோர்சைட். தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004ல வெளியிட்ட திட்டம் இந்த ஓட்டையைத்தான் அடைச்சுது, இப்ப ஒண்ணும் பிடிக்க மாட்டோம், வருங்காலத்துல சம்பளம் ஏறும்போதெல்லாம் சேமிப்பும் கொஞ்சம் ஏறும்னு இன்னைக்கே ஒப்புதல் வாங்கிக்கறது.

உறுப்பு தானத்துலயும் இதே மாதிரிதான். எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் 2003ல காட்டின ஒப்பீடு ரொம்பப் பிரபலம், விரும்பினா பேர் குடுன்னு இருந்த ஜெர்மனியில சம்மதம் 12%, வேண்டாம்னா மட்டும் சொல்லுன்னு இருந்த ஆஸ்திரியாவுல 99.98%. அதைப் பாத்துட்டு சட்டத்தை மாத்தினா போதும்னு நிறைய பேர் கிளம்பிட்டாங்க. ஆனா லிஸ்ட்ல பேர் இருக்கறது வேற, ஆஸ்பத்திரியில உறுப்பு எடுத்து இன்னொருத்தருக்கு வைக்கறது வேற. இந்த விஷயத்துல உலகத்துக்கே முன்னாடி நிக்கறது ஸ்பெயின், வேண்டாம்னா மட்டும் சொல்லுங்கற சட்டம் அங்க 1979லயே வந்தாச்சு, பத்து வருஷம் பெருசா ஒண்ணும் நடக்கல. 1989ல தேசிய அளவுல ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஐசியூ டாக்டர்களையே ஒருங்கிணைப்பாளரா போட்டு, துக்கத்துல இருக்கற குடும்பத்துக்கிட்ட எப்ப போய் எப்படிப் பேசறதுன்னு பயிற்சி குடுத்த அப்புறம்தான் வருஷத்துக்கு பத்து லட்சம் பேருக்கு 14 பேர் தானம்னு இருந்தது ஏறி ஏறி இப்ப 40ஐத் தாண்டி நிக்குது. இத்தனைக்கும் சட்டம் என்ன சொன்னாலும் அங்க குடும்பத்தைக் கேக்காம எடுக்கறதில்ல. சட்டத்துல இருக்கற டீஃபால்ட்டை விட, ராத்திரி ரெண்டு மணிக்கு ஐசியூ வாசல்ல யார் நிக்கறாங்கங்கறது முக்கியமா போச்சு. டிசைன் ஆட்கள் சேவை வடிவமைப்புன்னு சொல்றது இதைத்தான்.

டிசைன்னாலே லோகோ, கலர், வெப்சைட்னு ஒரு நினைப்பு இருக்கு, அதிகாரிங்க கிட்டயும் இருக்கு, அதனாலதான் டிசைனரை கடைசி மாசத்துல கூப்பிடுவாங்க. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல உணவு, மருத்துவம், குழந்தைப் பராமரிப்புன்னு எல்லா உதவிக்கும் சேத்து ஒரே விண்ணப்பம் இருந்துச்சு, 42 பக்கம், ஆயிரத்துக்கும் மேல கேள்வி. அதுல ஒரு கேள்வி, உங்க குழந்தை எந்தத் தேதியில கருவாச்சு. பிறந்த தேதி இல்லைங்க, கருவான தேதி. யாரோ வேணும்னு வம்புக்கு சேத்ததா இருக்காது, எந்த விதிக்கோ ஒரு காலத்துல தேவைப்பட்டு சேத்திருப்பாங்க, அப்புறம் சேக்கறதுக்கு ஆள் இருந்தாங்க எடுக்கறதுக்கு ஆள் இல்ல. சிவில்லாங்கற டெட்ராய்ட் டிசைன் குழு அந்தத் துறையோட சேர்ந்து, நிரப்பறவங்க பக்கத்துல உக்காந்து, அதை சரி பாக்கற ஊழியர்கள் பக்கத்துலயும் உக்காந்து, ஒவ்வொரு கேள்விக்கும் இது எந்த சட்டத்துக்காகக் கேக்கறோம்னு தேடி, 2018ல அதை 80% சுருக்கினாங்க. முக்கால்வாசி வேலை வரையறது இல்ல, சட்ட விதியைத் தோண்டறதுதான்னு கவனிக்கணும். நட்ஜ் ஆட்கள் இந்த மாதிரி தேவையில்லாத முட்டுக்கட்டைக்கு ஸ்லட்ஜ்னு பேர் வச்சிருக்காங்க.

நல்ல எண்ணம் மட்டும் இருந்தா டிசைன் ஆயிடாதுங்கறதுக்கு 2000ல ஃப்ளோரிடாவுல நடந்தது. பாம் பீச் கவுன்ட்டியில வயசானவங்க அதிகம், எழுத்து பெருசா இருக்கட்டும்னு ஜனாதிபதி வேட்பாளர் பேர்களை வாக்குச்சீட்டோட ரெண்டு பக்கத்துலயும் பிரிச்சுப் போட்டு நடுவுல ஓட்டை போடுற இடத்தை வச்சாங்க. இடது பக்கம் ரெண்டாவதா அல் கோர் பேர் இருக்கு, ஆனா நடுவுல ரெண்டாவது ஓட்டை வலது பக்கத்துல இருக்கற பேட் புகானனுக்கு. புகானனுக்கு சம்பந்தமே இல்லாத அந்த கவுன்ட்டியில 3,407 ஓட்டு விழுந்துச்சு, மாநிலம் முழுக்க கோரை எதிர்த்து நின்ன ஜார்ஜ் புஷ் ஜெயிச்ச வித்தியாசம் 537. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நாலு வயசானவங்க கையில குடுத்து கோருக்கு குத்துங்கன்னு சொல்லிப் பாத்திருந்தா, அரை நாள் வேலை.

ஃபோர்சைட்டுக்கு வர்றேன், இதைத்தான் ஜனங்க அதிகமா தப்பா புரிஞ்சுக்கறாங்க. 2040ல இதுதான் நடக்கும்னு சொல்றது ஃபோர்சைட் இல்ல, அது ஜோசியம். நடக்கக் கூடிய பல வருங்காலத்தை வரிசையா வச்சு ஒவ்வொண்ணுலயும் நம்ம திட்டம் நிக்குமா கவுந்துடுமான்னு பாக்கறதுதான் வேலை, அதுக்குத்தான் சீனாரியோ எழுதறது, அதாவது இப்படி நடந்தா என்ன ஆகும்னு கதையா எழுதிப் பாக்கறது, இப்பவே லேசா தெரியற அறிகுறிகளை அலசறது, வேணும்ங்கற வருங்காலத்துல இருந்து பின்னோக்கி நடந்து வர்றதுன்னு பல முறை வச்சிருக்காங்க. இதுல பழைய பெரிய பேர் ஷெல் எண்ணெய் கம்பெனி. பியர் வாக்னு ஒருத்தர் அங்க எழுபதுகளோட ஆரம்பத்துல சீனாரியோ வேலை பாத்தார், 1973 அக்டோபர்ல அரபு நாடுகளோட எண்ணெய்த் தடை வந்து பேரல் 3 டாலர் சொச்சத்துல இருந்து சில மாசத்துல 12 டாலர் கிட்ட போனப்ப ஷெல் மத்தவங்களை விட தயாரா இருந்துச்சுன்னு சொல்வாங்க. கதையில முக்கியமான இடம் அது இல்ல. வாக் முதல்ல தயாரிச்ச சீனாரியோ தொகுப்பை மேனேஜர்கள் பாத்தாங்க, தலையாட்டினாங்க, போய் பழைய வேலையைப் பாத்தாங்க. அவங்க மனசுக்குள்ள உலகம் எப்படி ஓடுதுன்னு ஒரு படம் இருக்கு, அதைத் தொடாத வரைக்கும் எவ்வளவு நல்ல அறிக்கையும் பிரயோஜனம் இல்லைன்னு அவருக்குப் புரிஞ்சுது, அதுக்கப்புறம்தான் எண்ணெய் நாடுகள் இடத்துல உக்காந்து பாத்தா உற்பத்தியைக் கூட்ட அவங்களுக்கு என்ன அவசியம்னு கேக்க வச்சு, பழைய மாதிரியே எல்லாம் ஓடணும்னா என்னென்ன அதிசயம் நடக்கணும்னு எடுத்துக் காட்டினார்.

அரசாங்கங்கள் பக்கம் பாத்தா தலையாட்டிட்டுப் போனதுதான் அதிகம். 2004 ஜூலையில லூசியானாவுல ஹரிக்கேன் பேம்னு ஒரு கற்பனைப் புயலை வச்சு அஞ்சு நாள் ஒத்திகை நடந்துச்சு, மத்திய அரசு, மாநில அரசு ஆட்கள் எல்லாம் உக்காந்து, நியூ ஆர்லியன்ஸ்ல தண்ணி கரையைத் தாண்டி உள்ள வந்தா என்ன ஆகும்னு பாத்தாங்க. வெளியேறுங்கன்னு சொன்னாலும் ஒரு லட்சம் பேர் கிட்ட வண்டி இல்லாம அங்கயே மாட்டிக்குவாங்கன்னு அப்பவே பேச்சு வந்தாச்சு. மேற்கொண்டு திட்டமிடற வேலை முடியல, 2005 ஆகஸ்ட் 29ம் தேதி நிஜமாவே கத்ரீனா புயல் வந்துடுச்சு. வருங்காலம் தெரியாதது இல்ல அங்க பிரச்சனை, எழுதியே வச்சிருந்தாங்க. பிரிட்டன்ல 2016 அக்டோபர்ல சிக்னஸ்னு ஒரு ஃப்ளூ தொற்று ஒத்திகை, கடுமையா வந்தா நாடு தாங்காதுன்னு முடிவு வந்துச்சு, அறிக்கையை வெளியிடல, கோவிட் வந்த அப்புறம்தான் 2020ல வெளிய வந்துச்சு. அதுவும் ஃப்ளூவை மட்டுமே மனசுல வச்சு தயாரானது தப்புன்னு பின்னாடி 2024ல அவங்க கோவிட் விசாரணையே சொல்லுச்சு, ஒரே ஒரு வருங்காலத்தை எழுதி வச்சுக்கிட்டா இப்படித்தான்.

ஏன் இப்படி ஆகுதுன்னா அதுக்கு பதில் பிஹேவியரல் சயின்ஸ் கிட்டயே இருக்கு. இன்னைக்கு வலி பெருசா தெரியும், இருபது வருஷம் கழிச்சு வர்ற வலி கொசுக்கடி மாதிரி தெரியும், இது வாக்காளருக்கு மட்டும் இல்ல, மந்திரிக்கும் செயலாளருக்கும் அப்படியேதான். ஹால் ஹெர்ஷ்ஃபீல்டுங்கற ஆய்வாளரோட குழு 2011ல பண்ணினது, ஆட்களுக்கு கம்ப்யூட்டர்ல வயசான அவங்க முகத்தையே காட்டினாங்க, பாத்தவங்க ரிட்டயர்மெண்டுக்கு அதிகம் ஒதுக்கினாங்க. அறிக்கை பண்ணாத வேலையை ஒரு முகம் பண்ணுச்சு. லண்டன்ல இருக்கற சூப்பர்ஃப்ளக்ஸ்ங்கற டிசைன் ஸ்டூடியோ ஐக்கிய அரபு அமீரகத்துல எரிசக்தி பத்தி முடிவெடுக்கறவங்களுக்காக இதே ரூட்ல போச்சு, இப்படியே போனா பின்னாடி காத்து எப்படி இருக்கும்னு கணக்கு போட்டு, அந்த மாசு காத்தை தயாரிச்சு அவங்களை மூச்சிழுத்துப் பாக்க வச்சாங்க. கிராஃப் காட்டினா கொட்டாவி விடற ஆளு மூக்கைப் பொத்திக்கிட்டா அப்புறம் பேச்சு வேற லெவல்லதான் போகும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜப்பான்ல யஹாபாங்கற சின்ன ஊர்ல 2015ல நடந்தது. தத்சுயோஷி சைஜோங்கற பொருளாதார நிபுணர் ஆரம்பிச்ச ஃபியூச்சர் டிசைன் முறை. 2060க்கு ஊர் எப்படி இருக்கணும்னு திட்டம் போட ஊர்க்காரங்களையே குழுவா பிரிச்சு, சில குழுவுக்கு நீங்க இன்னைக்கு ஆட்களாவே பேசுங்கன்னும், மத்த குழுவுக்கு நீங்க 2060ல வாழறவங்க, அங்க இருந்து இன்னைக்கு முடிவைப் பாக்கறீங்கன்னும் சொன்னாங்க. 2060 ஆட்களுக்குப் போட்டுக்க ஹாப்பின்னு அந்த ஊர் விழா மேலங்கி கூட குடுத்தாங்க. இன்னைக்கு குழு இப்ப இருக்கற பிரச்சனையையே நீட்டி நீட்டிப் பேசுச்சு, 2060 குழு ஊரோட பலம் என்னன்னு ஆரம்பிச்சு, சிரமமான முடிவையும் இப்பவே எடுக்கலாம்னு தைரியமா யோசிச்சுது. மேலங்கியெல்லாம் பாக்க நாடகம் மாதிரிதான் இருக்கும், ஆனா மூணு துறையும் ஒண்ணா சேர்ந்து வேலை செய்யறது இங்கதான் தெரியுது, வருங்காலத்தை வச்சுப் பேசறாங்க, பேசறவரோட மனசு எப்படி சாயும்னு தெரிஞ்சு பேச வைக்கறாங்க, அதுக்குன்னு ஒரு ரூம், ஒரு உடை, ஒரு விதின்னு வடிவமைச்சிருக்காங்க.

இதுக்கெல்லாம் எதிரா சொல்றதையும் கேக்கணும். நட்ஜ் பண்றதே ஏமாத்து வேலை, தெரியாம தள்ளறாங்கன்னு ஒரு பழைய குற்றச்சாட்டு, அதுல பாதி எனக்கு உடன்பாடு, ஏன் அப்படி வச்சோம்னு கேட்டா பகிரங்கமா சொல்ல முடியாத டீஃபால்ட்டை வைக்கக் கூடாது. அதை விட கனமானது இந்த வட்டத்துக்குள்ள இருந்தே வந்துச்சு, ஜார்ஜ் லோவன்ஸ்டீனும் நிக் சேட்டரும் 2022ல எழுதினது: தனி ஆளோட நடத்தையை சரி பண்றதுலயே எல்லார் கண்ணும் இருந்தா, வரி, சட்டம், விலைன்னு அமைப்பையே மாத்த வேண்டிய வேலை பின்னாடி போயிடும், அது சில பேருக்கு ரொம்ப வசதி. கரெக்டான அடி. நட்ஜ் டீம் கடிதம் மாத்திட்டிருக்கும், கடிதமே தேவைப்படாத மாதிரி விதியை மாத்த அவங்களுக்கு அதிகாரம் இருக்காது. அரசாங்கத்துக்குள்ள இந்த மாதிரி ஒரு லேப் ஆரம்பிச்சதும் கதை முடியறதில்ல, டென்மார்க் அரசாங்கத்துல 2002ல இருந்து நடந்த மைண்ட்லேப்பை உலகமே வந்து பாத்துட்டுப் போச்சு, 2018ல மூடிட்டாங்க.

பலன் நிரூபிச்சா தானா பரவிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு இல்லையா, அதையும் சோதிச்சுட்டாங்க. மேல சொன்ன டெல்லாவிக்னாவும் லினோஸும் வூஜின் கிம்மோட சேர்ந்து, 30 அமெரிக்க நகரங்கள்ல நடந்த 73 சோதனைகள் முடிஞ்சு சில வருஷம் கழிச்சு, இப்ப இதைப் பயன்படுத்தறீங்களான்னு நகரங்களைப் போய்க் கேட்டாங்க. பயன்படுத்தினது 27%. பலன் நல்லா வந்ததா சுமாரா வந்ததாங்கறதுக்கும் தொடர்ந்து பயன்படுத்தினதுக்கும் பெருசா தொடர்பு இல்ல. எது தொடர்ந்துச்சுன்னா, ஏற்கனவே அந்த ஆபீஸ்ல போய்க்கிட்டிருந்த கடிதத்தை மாத்தி எழுதினதுதான், புதுசா ஒரு கடிதம் அனுப்பணும்னு வந்த யோசனை பெரும்பாலும் காணாம போச்சு. அதாவது அரசாங்கத்துக்கும் டீஃபால்ட் உண்டு, ஏற்கனவே ஓடற வண்டியில ஏறினது ஊர் போய்ச் சேரும்.

அதனால ஃபோர்சைட்டை எங்க ஏத்தறதுங்கறதுல ஃபின்லாந்து பண்ணினது எனக்கு புத்திசாலித்தனமா படுது. அங்க பார்லிமெண்ட்ல வருங்காலக் குழுன்னு ஒண்ணு 1993ல வந்து, 2000ல நிரந்தரக் குழு ஆயிடுச்சு. உள்ள இருக்கறவங்க நிபுணர்கள் இல்ல, எல்லா கட்சியையும் சேர்ந்த 17 எம்பிக்கள். ஒவ்வொரு பதவிக்காலத்துலயும் அரசாங்கம் வருங்காலத்தைப் பத்தி ஒரு அறிக்கையை பார்லிமெண்டுக்குக் குடுக்கும், குழு அதுக்கு பதில் எழுதும். யாருக்கும் ஆர்வம் இருக்கா இல்லையாங்கறது விஷயமே இல்ல, பட்ஜெட் மாதிரி அதுவும் வேலைப் பட்டியல்ல ஏறிடுது. நாளைக்கு ஓட்டு கேக்கப் போற ஆளுங்களே உக்காந்து இருபது வருஷம் தள்ளி யோசிக்கணும், அடுத்த தேர்தல்ல மந்திரி ஆகிறவர் நேத்து வரைக்கும் அந்தக் குழுவுல உக்காந்திருந்தவராவும் இருக்கலாம். அந்தக் குழுவுக்கு மத்த குழு மாதிரி சட்டத்தை நிறுத்தற அதிகாரம் பெருசா இல்ல, அது ஒரு குறைதான், எழுதின பதிலை அரசாங்கம் படிச்சு என்ன பண்ணுதுங்கறது ஒவ்வொரு பிரதமரைப் பொறுத்து மாறுது.